பண்டைய ரோமமும் ஒரு பழைய போட்டோவும்

அரியலூரில் எனக்கு ஆளுயரத்துக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள்.

இரண்டு வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அது. காலையில் பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்துப் போய் இறங்கி நடந்தால், மண்டப வாசலில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். எந்த எழுத்தாளனுக்குத்தான் இது கசக்கும்? யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் போய்ப் படித்தேன்.

'உளப்பகுப்பாய்வும் பண்டைய ரோமமும்.'

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். ரோமமும்தான்.

நான் பேச ஒப்புக்கொண்ட தலைப்பு 'உளப்பகுப்பாய்வும் பண்டைய ரோமும்'. ரோம் என்றால் இத்தாலியில் இருக்கிறதே, அந்த ஊர். மனசைத் தோண்டிப் பார்த்து வைத்தியம் செய்யும் முறையைக் கண்டுபிடித்த வியன்னா டாக்டருக்கும் பழைய ரோமாபுரிக்கும் என்ன உறவு என்று ஒரு மணி நேரம் பேசுவதாக ஏற்பாடு. ஒரே ஒரு 'ம' கூடுதலாக விழுந்ததில் பேரரசு போய் முடி வந்துவிட்டது. அதுவும் சாதாரண முடியா? பண்டைய முடி! அதாவது... ஒரு காலத்தில் நமக்கு இருந்த முடி.

தலைப்புக்குக் கீழே என் போட்டோ. இந்தப் பத்தியின் உச்சியில் வருஷக்கணக்காக நீங்கள் பார்த்து வந்தீர்களே, அதேதான். நெற்றியில் வந்து விழும் சுருள் முடியை ஃப்ளெக்ஸ் கடைக்காரர்கள் இன்னும் கொஞ்சம் கறுப்பாக்கியிருந்தார்கள். அதற்கும் கீழே 'அனுமதி இலவசம்' என்று போட இடம் போதாமல், வெறுமனே 'இலவசம்' என்று மட்டும் போட்டிருந்தது.

கூட்டத்தை ஏற்பாடு செய்த கலியபெருமாள் சார் ஓடி வந்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மாதம் ஒருமுறை வாசகர்களைக் கூட்டி யாரையாவது பேச வைப்பவர்.

"மன்னிச்சுக்குங்க சார். ஃப்ளெக்ஸ் கடையில டைப் அடிக்கிற பொண்ணு திருத்திடுச்சு. ஏம்மான்னு கேட்டா, 'ரோமும்னு ஒரு வார்த்தை இருக்கா சார்? தமிழ் வாத்தியார் நீங்களே தப்பா எழுதலாமா'ன்னு என்னையே கேக்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தேங்க்ஸ்னு சொல்லிட்டேன் சார். என்னோட பிழைய இதுவரைக்கும் யாரும் திருத்துனதே இல்ல. பதட்டத்துல வாயில வந்துடுச்சு."

உள்ளே எட்டிப் பார்த்தேன். வழக்கமாக இந்தக் கூட்டத்துக்கு மைக் செட்காரரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். அன்றைக்கு நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கிறார்கள். தொப்பி போட்டவர்கள், தலையில் துண்டு கட்டியவர்கள், உட்கார்ந்த இடத்தில் உச்சந்தலையைத் தடவிக்கொண்டிருப்பவர்கள். முன்வரிசையில் ஒரு அம்மாள், கொட்டிய முடியைப் பந்து மாதிரி சுருட்டி, ஒரு பிளாஸ்டிக் கவரில் சாம்பிளுக்கு எடுத்து வந்திருந்தார்.

இலக்கியத்துக்குக் கூட்டம் வருவதில்லை என்று இனி யாரும் குறை சொல்லக் கூடாது. எந்த எழுத்தைச் சேர்க்க வேண்டும் என்று தெரியாமல்தான் நாம் இத்தனை நாள் இருந்திருக்கிறோம்.

"ஒண்ணே ஒண்ணு சார்" என்று மேடையேறும் முன் காதைக் கடித்தார் கலியபெருமாள் சார். "அந்த அப்பா அம்மா சமாச்சாரம் மட்டும் வேணாம். குடும்பத்தோட வந்துருக்காங்க."

அவர் சொன்னது, வியன்னா டாக்டரின் மிகப் பிரபலமான சமாச்சாரம். பையன் மனசில் அம்மாவும், பெண் மனசில் அப்பாவும் சின்ன வயசிலேயே இடம் பிடித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். வளர்ந்த பிறகு நாம் கட்டிக்கொள்ளத் தேடுவது அவர்கள் சாயலைத்தான் என்கிற கதை. நயமாகச் சொன்னாலே நாலு பேர் எழுந்து போவார்கள். சரி, அதைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன்.

மேடை ஏறினேன். கூட்டம் ஃப்ளெக்ஸைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. மறுபடி ஃப்ளெக்ஸைப் பார்த்தது.

இங்கே உங்களிடம் ஒன்றை ஒத்துக்கொண்டாக வேண்டும். அந்த போட்டோ என் தம்பி கல்யாணத்தில் எடுத்தது. அந்தத் தம்பியின் மகள் இப்போது காலேஜ் போகிறாள். என் தலையின் இன்றைய நிலவரம், காதுக்கு மேலே இரண்டு பக்கமும் வேலி மாதிரி கொஞ்சம். நடுவில் பொட்டல்.

"மருந்து இவருக்கே புடிக்கல போல" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. மண்டபமே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. இறங்கிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஆனாலும் ஆரம்பித்தேன். ஐயா, இது முடி முகாம் இல்லை, ரோமாபுரி பற்றிய பேச்சு என்று தெளிவாகவே சொன்னேன். ஒருவரும் எழுந்து போகவில்லை. கடைசியில் எப்படியும் மருந்தைக் கொடுத்துவிடுவார் என்ற நம்பிக்கை அவர்கள் முகத்தில் அப்படியே இருந்தது.

"ரோம் வீழ்ந்ததற்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். குழாய்த் தண்ணீரில் கலந்த ஈயம்தான் காரணம் என்று ஒரு கட்சி..."

"அதேதாங்க!" கவரோடு வந்த அம்மாள் எழுந்துவிட்டார். "எங்க வூட்டுக்குப் போர் போட்ட நாள்லேருந்துதான் கொட்டுது. தண்ணி ஒரே உப்பு. நான் சொன்னா வூட்டுல யாரும் நம்புனாதானே!"

அதற்குப் பிறகு நான் ரோமோடு சண்டை போடவில்லை. ரோமத்தோடு சமாதானமாகிவிட்டேன். நல்ல வேளையாக, ரோமானியர்கள் இந்த விஷயத்தில் கைவிடவில்லை. சாயம் பூசிப் பூசி முடியெல்லாம் கொட்டிப்போன காதலியை, நான்தான் அப்போதே சொன்னேனே என்று இடித்துக்காட்டிப் பாட்டு எழுதிய கவிஞர் அங்கே இருந்திருக்கிறார். உலகத்தையே நடுங்க வைத்த தளபதி ஒருவர், பின்னந்தலை முடியை முன்னால் இழுத்து வாரி வழுக்கையை மறைத்தவர். வெற்றிக்காக அவருக்கு இலைக் கிரீடம் கொடுத்தார்கள். மற்ற மரியாதைகளைவிட அதை அவர் ஆசையாக வாங்கிக்கொண்டாராம். ஏன்? எப்போதும் தலையில் வைத்துக்கொள்ளலாமே!

"அவருக்குப் பொண்ணு குடுத்தாங்களா சார்?"

கேட்டவர் மூன்றாவது வரிசையில், தொப்பி போட்டிருந்தவர். முப்பத்து நாலு, முப்பத்தைந்து வயசிருக்கும். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

"மூன்று கல்யாணம். எகிப்து ராணி வேறு" என்றேன். கலியபெருமாள் சார் இருமினார்.

"மூணா!" என்று உட்கார்ந்தார் அவர். முகத்தில் லேசாக வெளிச்சம்.

அடுத்து வியன்னா டாக்டருக்கு வந்தேன். பள்ளிக்கூடத்திலேயே லத்தீன் படித்தவர். ரோமானியக் காவியம் ஒன்றின் வரியைத்தான் தன் கனவுப் புத்தகத்தின் முகப்பில் வைத்தார். மேஜை நிறையப் பழங்காலச் சிலைகள். ரோமைப் பார்க்க வேண்டும் என்று அப்படி ஒரு ஏக்கம், கனவில்கூட ரோம். ஆனால் இத்தாலிக்குப் பலமுறை போயும் ரோமுக்குள் கால் வைக்காமலே திரும்பியிருக்கிறார்! ஊராருக்கெல்லாம் மனசு வைத்தியம் பார்த்தவருக்கு, ஆசைப்பட்ட ஊருக்குள் நுழையப் பயம். நாற்பது தாண்டித்தான் அந்தத் தைரியம் வந்தது.

மனித மனசை அவர் ரோம் நகரத்தோடு ஒப்பிட்டார் என்று சொன்னேன். பழைய கோட்டை, கோயில், அரண்மனை எதுவும் இடிபடாமல், புதுசோடு புதுசாக ஒரே இடத்தில் நிற்கிற ஒரு ரோம்...

"அது முடியாது சார்." மறுபடி தொப்பிக்காரர். பெயர் மணிவண்ணன் என்றார். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பொக்லைன் ஓட்டுகிறாராம். "நாங்க தோண்டுறப்ப சங்கு, கிளிஞ்சல்லாம் கல்லாவே வரும். ஒரு காலத்துல இங்க கடல் கெடந்துச்சாம். ஆனா மேல உள்ளத ஒடைச்சாத்தான் கீழ உள்ளது தெரியும். ரெண்டும் ஒரே எடத்துல நிக்காது."

டாக்டரே இதைத்தான் ஒத்துக்கொண்டார், ஊரில் முடியாது, மனசில் மட்டும்தான் முடியும் என்று நான் சொன்னதும் மணிவண்ணன் தொப்பியைக் கழற்றினார். என் தலைக்குத் தம்பி மாதிரி இருந்தது அவர் தலை.

"மனசுலன்னா சரிதான் சார். கண்ணாடி பாத்தா எனக்கு இன்னும் பழைய தலதான் தெரியுது. ஹெல்மெட் போட்டுப் போட்டு எல்லாம் போயிடுச்சு. நாலு எடம் தட்டிப் போச்சு. இப்ப விக்கிரமங்கலத்துல ஒரு பொண்ணு. தரகர் எடுத்துட்டுப் போனது ஏழு வருஷத்துக்கு முந்துன போட்டோ. அத பாத்துட்டுத்தான் புடிச்சிருக்குன்னாங்க. போன்ல ரெண்டு தடவ பேசுனேன். நல்லா சிரிச்சிப் பேசுது சார்."

"அப்புறம் என்ன?"

"பொண்ணு பாக்கப் போவணுமே. போன வெள்ளிக்கெழம பாதி வழி போயிட்டு, வயித்து வலின்னு சொல்லி வண்டியத் திருப்பிட்டேன். அதுக்கு முந்துன தடவயும் ஏதோ சாக்கு சொல்லியாச்சு. வர்ற வெள்ளிக்கெழம போயே ஆவணும். இதுவும் தட்டிப் போச்சுன்னா நான் இனிமே பொண்ணே பாக்கறதா இல்ல. அதான்... தொப்பியோட போயிடலாமா?"

பின்வரிசைக் குரல்கூட அடங்கிவிட்டது. ரோமுக்கு முன்னால் திரும்பிய டாக்டரும், விக்கிரமங்கலத்துக்கு முன்னால் திரும்பிய மணிவண்ணனும் எனக்கு ஒரே ஆளாகத் தெரிந்தார்கள். பாவமாக இருந்தது. பாவப்பட்டால் நமக்கு உடனே என்ன வரும்? உபதேசம்!

"மணிவண்ணன், உண்மையை மறைத்துக் கல்யாணம் பண்ண முடியுமா? இப்போதைய போட்டோவை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். ஏற்றுக்கொண்டால் ஏற்றுக்கொள்ளட்டும்" என்றேன், கம்பீரமாக.

அவர், திறந்திருந்த வாசல் வழியாகத் தெரிந்த ஃப்ளெக்ஸைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"நீங்க மாத்துவீங்களா சார்?"

கைதட்டு என் பேச்சுக்கு விழுந்ததைவிட மூன்று மடங்கு விழுந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் போட்டோவும் அவர் போட்டோவும் ஒன்றா? எனக்கென்ன பெண்ணா பார்க்கிறார்கள்? என் வாசகர்கள் எழுத்தைத்தானே பார்க்கிறார்கள்... அப்படியானால் எதற்காக இத்தனை வருஷம் அந்தப் போட்டோவை மாற்றவில்லை? மைக்கைப் பிடிக்காத என் இன்னொரு கை, அந்த நிமிஷம், இல்லாத சுருள் முடியை நெற்றியிலிருந்து ஒதுக்கிக்கொண்டிருந்தது. மொத்தக் கூட்டமும் அதைப் பார்த்தது.

யோசித்துப் பார்த்தால் நம் ஊரில் யார்தான் மாற்றுகிறார்கள்? எந்தக் கட்சித் தலைவருக்காவது போஸ்டரில் வயசு ஏறியிருக்கிறதா? கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்கூட, தொண்ணூறு வயசில் போன பெரியவர் அரும்பு மீசையோடு நிற்கிறார். நம்மிடம் இருப்பதில் உண்மையான ஒரே படம் ஆதார் அட்டையில் இருப்பது. அதைத்தான் யாருக்கும் காட்டாமல் பர்ஸுக்குள் ஒளித்து வைக்கிறோம்.

தலைப்பில் பிழை இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. கைதவறி விழுவதெல்லாம் சும்மா விழுவதில்லை என்று அடித்துச் சொன்னவர் அந்த டாக்டர். இடிபடாமல் எனக்குள் நிற்கிற பழைய நகரம், அந்தச் சுருள் முடிதான்.

"மாத்துறேன். வாங்க மேல" என்றேன்.

மணிவண்ணன் மேடைக்கு வந்தார். தொப்பியைக் கலியபெருமாள் சாரிடம் கொடுத்தார். ஜன்னல் வெளிச்சம் இருவர் தலையிலும் நன்றாகவே விழுந்தது. மணிவண்ணன் போனிலேயே ஒரு படம் எடுத்தோம். அங்கேயே நின்று அந்தப் பெண்ணுக்கு ஒன்று, எனக்கு ஒன்று அனுப்பினார். நானும் அதை என் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பினேன்.

ஆசிரியர் உடனே கூப்பிட்டார். "சார், யாரு இது? நம்ம பத்திய வேற யாருக்காவது குடுத்துட்டீங்களா?"

விக்கிரமங்கலத்திலிருந்து பதில் இல்லை. படத்தைப் பார்த்துவிட்டாள் என்பது மட்டும் போனில் தெரிந்தது. முடிக்கு மருந்து கிடைக்காத வருத்தத்தில் கூட்டம் கலைந்தது. கவர் அம்மாள் மட்டும் மணிவண்ணனிடம் வந்து, "பொண்ணு நல்ல பதில் சொல்லும் தம்பி" என்றார். மணிவண்ணன் தலையாட்டினார். தொப்பியை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை முழுக்க எனக்கு எழுத ஓடவில்லை. இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொண்டு ஒருவர் வாழ்க்கையில் கை வைத்துவிட்டோமே என்று பயமாக இருந்தது. சனிக்கிழமை காலையில் போன் வந்தது.

"சார், மணிவண்ணன் பேசறேன். முடிஞ்சிடுச்சு சார்."

"என்ன முடிஞ்சிடுச்சு?"

"பூ வச்சு உறுதி பண்ணியாச்சு! அது ஏன் பதில் போடலன்னா, படத்துல இருந்த ரெண்டு பேர்ல எது நான்னு தெரியலையாம் சார். வயசு கூடின ஆளா இருந்துடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இருந்துச்சாம்."

அவர் சந்தோஷத்துக்காக அதைப் பொறுத்துக்கொண்டேன்.

"இன்னொண்ணு கேக்கணும் சார். கதவத் தொறந்தவரு பொண்ணோட அப்பா. சுத்தமா முடியில்ல, நம்மளவிட மோசம். அது என்கிட்ட தனியா சொல்லிச்சு, 'பழைய போட்டோ சுமார்தாங்க. புதுசுல எங்க அப்பா சாயல் இருந்துச்சு, அதான் புடிச்சிருச்சு'ன்னு. இது சரியா சார்? மனசுல ஏதும் கோளாறு இருக்குமா? நீங்க அந்த டாக்டர்லாம் படிச்சவரு..."

"ஒரு கோளாறும் இல்ல. தேதியக் குறிங்க" என்றேன்.

இந்த வாரம் மேலே இருக்கும் புது போட்டோவின் ஓரத்தில் ஒரு காது தெரிகிறதே, அது மாப்பிள்ளையுடையது. கலியபெருமாள் சார் தடுத்த அந்த அப்பா அம்மா சமாச்சாரத்தை மாப்பிள்ளையிடம் நான் இன்னும் சொல்லவில்லை... தாலி ஏறட்டும்.