அவர் சேர்த்த வில்லுக்கத்திகள்

மடக்கிப் பையில் வைக்கும் வில்லுக்கத்திகளைச் சேர்ப்பதும், பிடித்தவர்களுக்குப் பரிசாகக் கொடுப்பதும் என் கணவரின் பழக்கம். வீட்டில் கத்தி வேண்டாமென்று நான் சண்டை பிடிப்பேன்.

அவர் இறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த களைப்பில், மிஞ்சிய கத்திகளைப் பனிச்சங்கேணியிலிருந்து வந்த அவருடைய தோணிக் கூட்டாளியிடம் நீட்டினேன். அவர் ஒன்றை விரித்து, அலகை விரலால் தடவினார்.

“எல்லாம் மொட்டைக் கத்தி, தங்கச்சி. அலுமாரி துடைக்கக்குள்ள உங்கட கை வெட்டுப்பட்ட பொறகு, அவர்தான் மழுக்கி வெச்சவர். ஆருக்கும் குடுக்கிறதெண்டா மட்டும் என்னட்டத் தீட்டக் கொண்டு வருவார்.”

எனக்கு அழவும் தெம்பிருக்கவில்லை.

“ஒண்டு மட்டும் தீட்டாமக் கிடக்கட்டும், அண்ணன். மிச்சத்தக் கொண்டு போங்க” என்றேன்.

என் கணவர் ஒரு நாளும் இதை என்னிடம் சொன்னதில்லை. சொல்ல நான் இடம் கொடுத்தேனா என்றுதான் இப்போது யோசிக்கிறேன்.