பாதியில் நின்ற அறிமுகம்

முப்பது வயதில், ஒரு ஜெர்மன் தத்துவஞானியைத் தமிழுக்கு அறிமுகம் செய்து சின்னப் புத்தகம் ஒன்று எழுதினேன். அவருடைய மூலநூலை ஆங்கிலத்தில் கால்வாசிதான் படித்திருந்தேன். மிச்சத்தை வேறு இரண்டு அறிமுக நூல்களைப் பார்த்து ஒப்பேற்றினேன். அன்று அதைத் துணிச்சல் என்று நினைத்தேன். பொய் என்பதே சரி.

மூலநூலுக்கு வயதாவதில்லை, அறிமுகத்துக்குத்தான் நரை விழுகிறது. இன்று என் புத்தகத்தைப் புரட்டினால் தத்துவஞானியைக் காணோம். போர்க்காலத்துக் கொழும்பின் வெள்ளவத்தையில், சோதனைச் சாவடிகளுக்கு நடுவே நம்பிக்கை இழந்து திரிந்த ஒருவன்தான் தெரிகிறான். மனிதன் தன் சூழ்நிலையை மீறவே முடியாது என்று இவர் சொல்கிறார், என அவன் அடித்துச் சொல்கிறான். அப்படி நம்புவது அவனுக்கு அப்போது வசதியாக இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு மூலநூலை முழுக்கப் படித்தேன். அது அவருடைய கருத்தே அல்ல. எதிராளியின் வாதத்தை முதலில் விரிவாகச் சொல்லிவிட்டு, பத்துப் பக்கம் தள்ளி அதை உடைக்கிறார். மாற்றார் கொள்கையைச் சொல்லும் பரபக்கம் முதலில், தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் பிறகு என்று சைவ சித்தாந்த வகுப்பில் உருப்போட்டவன் நான். வெட்கக்கேடு. யாரிடமும் மூச்சு விடவில்லை.

போன மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெண்மணி வீடு தேடி வந்தார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட மூத்தவர். என் புத்தகம் கொடுத்த ஆசையில் மூலநூலை லைப்ரரியில் எடுத்து, அகராதியோடு நான்கு மாதம் உட்கார்ந்திருக்கிறார். கொப்பி நிறையக் குறிப்புகள்.

"சேர், நீங்க எழுதினத அவர் பத்துப் பக்கம் தள்ளி இல்லையெண்டு சொல்றமாதிரி இருக்கு. மூணு தரம் வாசிச்சிட்டன். எனக்குத்தான் இங்கிலீஷ் காணாது போல."

அவருடைய ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை. எனக்கு முப்பது வருடம் பிடித்ததை அவர் நான்கு மாதத்தில் கண்டுபிடித்திருந்தார். 'நீங்கதான் சரி, அக்கா' என்று மூன்று சொல் சொன்னால் போதும்.

"அது கொஞ்சம் கஷ்டமான இடம்தான், அக்கா," என்றேன்.

"அதுதானே பாத்தன்," என்று அவர் கொப்பியை மூடினார். "அப்ப நாளைக்கே லைப்ரரியில திருப்பிக் குடுத்திடுறன் சேர். எனக்கு உங்கட புத்தகமே காணும், வேறொண்டும் தேவையில்ல."

கேற் வரை போய் வழியனுப்பினேன். பொறுமையாக விளங்கப்படுத்தியதற்கு நன்றி என்றார். அதற்கும் தலையாட்டினேன்.