குரல் மங்கும் பக்கம்

சத்தியமாக நடந்தது. நடந்தது என் கொழுந்தியாளுக்கு. பேய் ராத்திரியில்தான் வரும் என்று அடித்துச் சொல்பவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். இது பட்டப்பகலில் நடந்தது.

வாய் ஓயாமல் பேசுவதால் வீட்டில் அவளுக்கு ‘வானொலி’ என்று பெயர். வெள்ளம், தீ விபத்து என்றால் வயர்லெஸ்ஸில் தகவல் அனுப்பும் தொண்டர் வேலைக்குச் சேர்ந்தாள். பொருத்தமான வேலைதான். தன் தம்பியையும் இழுத்துக்கொண்டு போனாள்.

அன்று பயிற்சியின் கடைசித் தேர்வு. மூடிக் கிடந்த மூன்று மாடிக் கிடங்கில் தம்பி ஒரு வயர்லெஸ் செட்டோடு ஒளிந்துகொண்டு பேச வேண்டும். சிக்னலை வைத்தே அவள் அவனைக் கண்டுபிடிக்க வேண்டும். பயிற்சியாளர் வாசல் கேட் அருகே இன்னொரு செட்டோடு நின்றார்.

வழி சுலபம். செட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெல்லச் சுற்ற வேண்டும். எப்போது குரல் மங்குகிறதோ, அப்போது ஆள் நமக்கு நேர் பின்னால் இருக்கிறான். நம் உடம்பே சிக்னலை மறைக்கிறது, அவ்வளவுதான்.

கிடங்கின் முற்றத்தில் நின்று செட்டைப் போட்டாள்.

“அக்கா... வலிக்குது...”

சிரித்தாள். “டேய், நடிப்புக்கெல்லாம் மார்க் கிடையாது. ஓவர்.”

தொப்! ஈர மூட்டையைத் தடியால் அடித்த மாதிரி ஒரு சத்தம். பிறகு அலறல். அப்படி அவன் அலறி அவள் கேட்டதே இல்லை. யாரோ அவனைக் கொல்கிறார்கள்!

கீழே கிடந்த இரும்புக் கம்பியை ஒரு கையில் எடுத்தாள். மறு கையில் செட்டை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். கிடங்கைப் பார்த்துத் திரும்பினாள். குரல் மங்கியது. அப்படியானால் பின்னால். சட்டென்று திரும்பினாள்... அங்கேயும் மங்கியது. இடது பக்கம் மங்கியது. வலது பக்கம்...

எங்கே திரும்பினாலும் அது அவள் முதுகுக்குப் பின்னால்தான்.

பிடரியில் மூச்சு பட்டது. சூடாக.

“விடுடா அவனை!”

வீசினாள். கம்பி காற்றில்தான் போனது. ஆனால் கை அதிர்ந்தது... எலும்பில் பட்டது போல.

தொப்!

மறுபடி வீசினாள்.

தொப்!

“அடிக்காதே...”

வீசினாள். வீசினாள்...

குரல் நின்றது.

பயிற்சியாளர் ஓடிவந்து கம்பியைப் பிடுங்கினார். வெட்டவெளியில் அவள் தன்னந்தனியாகச் சுழன்று சுழன்று வீசியதைத்தான் அவர் பார்த்தாராம். அவர் செட்டில் ஒரு சத்தமும் வரவில்லையாம்.

தம்பி மூன்றாவது மாடியில் ஓர் அறைக்குள் கிடந்தான். மண்டை பிளந்து, இரண்டு கையும் ஒடிந்து, ரத்த வெள்ளத்தில். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. உடைத்துத்தான் போனார்கள். போலீஸ்காரர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

நல்லவேளை, மச்சான் பிழைத்துக்கொண்டான். அவன் கண் விழித்த அன்று நானும் கட்டிலருகே நின்றேன். யார் அடித்தது என்று போலீஸ்காரர் கேட்டார். அவனோ, கால்மாட்டில் அழுதுகொண்டிருந்த அக்காவைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டான். கட்டுப் போட்ட கைகளால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

“செட்டுல அத்தனை தடவை கத்தினேனேக்கா, அடிக்காதேன்னு. உனக்குக் கேக்கவே இல்லையா?”