இடது காதுக்கு எஞ்சின், வலது காதுக்குக் குரல்

இருபத்தாறு வருடமாக ஒரே டிப்போவில் பேருந்து ஓட்டுகிறவர் அவர். ஆரம்ப காலத்தில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் பழைய வண்டிகள். எஞ்சின் ஓட்டுநருக்கு இடப் பக்கத்திலேயே ஒரு தகர மூடிக்குள் கிடந்து உறுமும். அதைக் கேட்டுக் கேட்டு இடது காது பாதி மந்தமாகிவிட்டது. வீட்டில் அவருக்குத் தெரியாமல் ஏதாவது பேச வேண்டுமென்றால் எல்லோரும் அவருக்கு இடப் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அவருக்கும் அது தெரியும். தெரியாதது போல இருந்துவிடுவார்.

விமான ஆசை ஐம்பது வயதுக்கு மேல்தான் வந்தது. ஓட்டுநர் பயிற்சி மையத்தில் ஒருநாள் அவரைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, பொய்ச் சாலையில் வண்டி ஓட்டச் சொன்னார்கள். "இதே மாதிரி பிளேன் ஓட்ட ஏதாவது இருக்கா சார்?" என்று அங்கிருந்த கம்ப்யூட்டர்காரரிடம் விளையாட்டாகக் கேட்டார். இருக்கிறது என்றார் அவர். ஆறே மாதத்தில் வீட்டின் பின்னறை விமானி அறையாகிவிட்டது. துணி மடிக்கும் மேசைமேல் மூன்று திரைகள், காலடியில் பெடல்கள், உட்கார ஒரு பழைய பேருந்தின் ஓட்டுநர் இருக்கை. உடைக்கப் போன வண்டியிலிருந்து, டிப்போவில் கேட்டு வாங்கி வந்தது அது. இஸ்திரிப் பெட்டியும் துணிக்கூடையும் கூடத்துக்குக் குடிபெயர்ந்தன. மனைவி தடுக்கவில்லை. இஸ்திரி போடும் வேலையை மட்டும் அவர் தலையில் கட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இணையத்தில் ஒரு குழு கூடும். பத்துப் பன்னிரண்டு பேர் அவரவர் வீட்டிலிருந்தபடியே ஒரே வானத்தில் பறப்பார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஒருவர் உட்கார்ந்து ரேடியோவில் வழி சொல்வார். பெரும்பாலும் அது ஒரு வங்கி அதிகாரி அம்மாள். குழுவில் எல்லோரும் அவரைக் 'கோபுரத்தம்மா' என்பார்கள். அவர் எதைச் சொன்னாலும் விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் சட்டம்.

ஓட்டுநருக்குச் சிக்கல் அங்கேதான். எஞ்சின் சத்தமும் கோபுரத்தம்மாவின் குரலும் ஒரே ஸ்பீக்கரில் ஒன்றாகக் கலந்து வந்தன. எஞ்சினைக் கூட்டினால் குரல் அமுங்கிப்போகும். குறைத்தாலோ அவருக்கு ஓட்ட வராது.

"எஞ்சின் சத்தம் கேக்காம ஓட்டுறது கண்ணக் கட்டிக்கிட்டு ஓட்டுற மாதிரி," என்பார் மனைவியிடம். "கியர் மாத்தக்கூட நான் காதத்தான் நம்புவேன்."

அதனால் ரேடியோவில் நிமிடத்துக்கு ஒரு தடவை "மறுபடி சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றே வாரத்தில் அதுவே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. "மறுபடி சொல்லுங்க வந்துட்டாரா?" என்று குழுவில் விசாரிப்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லைதான். ஆனாலும் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

ஒரு ஞாயிறு, ரன்வேயின் ஓரத்தில் காத்திருந்தார். "ரன்வேக்கு வெளியவே நில்லுங்க," என்றார் கோபுரத்தம்மா. எஞ்சின் இரைச்சலில் இவர் காதில் விழுந்தது 'ரன்வேக்கு'ம் கடைசியில் ஒரு 'ங்க'வும்தான். 'வாங்க' என்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். மறுபடி கேட்கக் கூச்சம். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு விமானத்தை ரன்வேக்குள் உருட்டினார். சக்கரம் தரையைத் தொட இருந்த இன்னொரு விமானம் அலறியடித்துக்கொண்டு மேலே ஏறியது.

"சார், நீங்க நல்லா ஓட்டுறீங்க. அதுல குறையே இல்ல," என்றார் கோபுரத்தம்மா. "ஆனா சத்தத்த சரி பண்ணிக்கிட்டு வாங்க. கூட்டமான நேரத்துல இப்படி வேண்டாம்."

இருபத்தாறு வருடத்தில் ஒரு ஆட்டோவைக்கூட உரசாத மனிதர். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வந்து, கூடத்தில் துணிக்கூடையை இழுத்துவைத்து வாரம் முழுவதற்குமான சட்டைகளை இஸ்திரி போட்டார். போட்டு முடித்தவற்றையே எடுத்து இன்னொரு முறையும் போட்டார்.

இரண்டு வாரம் பின்னறைப் பக்கமே போகவில்லை. மூன்றாவது வாரம் மனைவியே பேச்சை எடுத்தார். அவர் ஒரு பெரிய மருத்துவமனையில் தொலைபேசி ஆபரேட்டர்.

"எனக்கு ஒரு சந்தேகங்க. எங்க கவுன்ட்டர்ல நாள் பூரா சந்தக்கடை மாதிரி சத்தம். ஆனா போன்ல பேசுறவங்க சொல்றது எனக்கு ஒரு எழுத்துகூடத் தப்பாது. எப்படின்னு நெனைக்கிறீங்க?"

"உனக்குப் பாம்புக் காது."

"அது இருக்கட்டும். ஹெட்செட் ஒரு காதுலதான் இருக்கு. இன்னொரு காது கவுன்ட்டருக்கு. ரெண்டு காதுக்கும் ரெண்டு வேலை. நீங்க எதுக்கு ரெண்டையும் ஒரே குழாய்ல விடுறீங்க?"

அவர் எழுந்து பின்னறைக்குப் போனார். மனைவியும் தன்னிடமிருந்த ஒற்றைக் காது ஹெட்செட் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

அதைச் செருகியதும் கம்ப்யூட்டர் தானாகவே எல்லாச் சத்தத்தையும் ஹெட்செட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. இருவரும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பட்டியலாகத் திறந்து பார்த்தார்கள். ரேடியோ பேசுவதற்கென்று குழுவினர் தந்திருந்தது தனி மென்பொருள். சத்தம் எந்த வழியாக வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்க அதில் தனியாக ஓர் இடம் இருந்தது. விமானம் ஓடும் மென்பொருளிலும் அதேபோல் ஒன்று இருந்தது. இத்தனை மாதமாக அவர் அவற்றைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

முதல் தடவை தலைகீழாகப் போட்டுவிட்டார்கள். எஞ்சின் ஹெட்செட்டில் உறும, ரேடியோ ஸ்பீக்கரில் முழுச் சத்தத்தில் முழங்கியது. "உடனே இறங்குங்க," என்று யாருக்கோ கட்டளை போட்ட குரல் சுவரைத் தாண்டிப் போனது. மாடிப்படியில் தண்ணீர்க் கேனோடு ஏறிக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே, "கேன வச்சிட்டு எறங்குறேங்க, அவசரப்படாதீங்க," என்றார். மனைவி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாவது தடவை சரியாக அமைந்தது. நல்ல காதான வலது காதில் கோபுரத்தம்மாவின் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத் தெளிவாகக் கேட்டது. எஞ்சின் சத்தம் ஸ்பீக்கர் வழியாக அறைக்குள் ஒலித்தது.

மனைவியின் தம்பி கார்களுக்குப் பாட்டுப்பெட்டி மாட்டுகிறவர். செய்தி கேட்டதும் ஒரு கனமான ஸ்பீக்கரோடு வந்து இறங்கினார்.

"மாமா, எஞ்சின் முன்னாடியிருந்து வந்தா நல்லாருக்காது. உங்களுக்கு எங்கேருந்து வந்து பழக்கம்?"

"இடது முட்டிக்குப் பக்கத்துலேருந்து."

"அங்கயே வச்சிடுவோம்."

இருக்கைக்கு அடியிலிருந்த பலகையில், இடக் காலுக்கு அருகே அதைத் திருகாணியால் முடுக்கினார். எஞ்சினைக் கிளப்பியதும் அதிர்வு பலகை வழியாக ஏறி முதுகுத்தண்டைத் தொட்டது. மந்தமான காதுக்கும் அந்தக் கனத்த ஒலி நன்றாகவே எட்டியது. ஓட்டுநர் கண்ணை மூடி ஒரு நிமிடம் அப்படியே இருந்தார். "வண்டி பேசுதுடா," என்றார்.

அடுத்த ஞாயிறு குழுவில் சேர்ந்துகொண்டார். அன்றைக்குத் தேர்வு வைத்திருந்தார்கள். யாருடைய விமானத்துக்கு எப்போது என்ன கோளாறு வரும் என்பது கம்ப்யூட்டருக்கு மட்டுமே தெரியும். வானத்தில் மேகம் அடர்ந்திருந்தது. பதினோரு விமானங்கள் வரிசையில் இருந்தன. கோபுரத்தம்மா அவருக்கு நீளமாக வழி சொல்லிக்கொண்டிருந்தபோது, முட்டிக்குப் பக்கத்தில் ஒலி மெல்லத் தொய்ந்தது. இரண்டு மூச்சு நேரம்தான். திரையில் முள் அசைவதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. கோபுரத்தம்மா சொல்லி முடித்ததை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார். அதே மூச்சில், "எஞ்சின் மூச்சுத் திணறுதுங்க. கார்புரேட்டர்ல பனி பிடிக்குதுன்னு நெனைக்கிறேன். சூடு குடுக்கிறேன். நேரா இறங்க வழி வேணும்," என்றார்.

"வழி உங்களுக்குத்தான். மத்த எல்லாரும் அப்படியே சுத்திக்கிட்டு இருங்க."

எஞ்சின் இரண்டு தடவை இருமி, பிறகு தெளிந்தது. சக்கரம் தரையைத் தொட்டபோது மேசை மேலிருந்த காப்பி டம்ளர்கூட அசையவில்லை. ரேடியோவில் ஒருவர் பின் ஒருவராகக் கைதட்டினார்கள்.

"கோளாறு வந்தது எனக்கே உங்களுக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது சார்," என்றார் கோபுரத்தம்மா. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"முட்டில கேட்டுச்சுங்க," என்றார் அவர்.

பட்டப்பெயர் அன்றோடு போய்விட்டது என்று சொல்வதற்கில்லை. போகவில்லை. ஆனால் இப்போது அது கூப்பிடுகிற பெயர், அவ்வளவுதான். ஹெட்செட்டை எப்படிச் செருகுவது, எதை எங்கே மாற்றுவது என்று குழுவில் நாலைந்து பேர் அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

அன்று அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்கு வேறொரு யோசனை வந்தது. கோபுரத்தம்மாவிடமே பேசி, இரண்டு மாதம் பாடம் படித்து, தேர்வு எழுதித் தேறினார். பதினைந்து வருடம் நூறு இணைப்புகளைக் குழப்பாமல் மாற்றிக் கொடுத்தவருக்குப் பத்து விமானம் ஒரு பொருட்டே இல்லை. இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு கூடத்தில் இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர்தான் கோபுரத்தை நடத்துகிறார். கணவருக்கு என்று தனிச் சலுகை எதுவும் கிடையாது. போன வாரம் இருபது நிமிடம் வானத்திலேயே வட்டமடிக்க வைத்தார்.

"கொஞ்சம் முன்னாடி விட்டிருக்கலாம்ல?" என்று சாப்பிடும்போது கேட்டார் ஓட்டுநர்.

"வரிசைன்னா வரிசைதாங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். கல்யாணமாகி இத்தன வருஷத்துல நான் சொன்னத எதையாவது நீங்க ஒழுங்காக் கேட்டிருக்கீங்களா? இப்ப ஒரு வார்த்த விடாமத் திருப்பி வேற சொல்றீங்க. எனக்கு அது போதும்."

சாப்பிட வந்திருந்த மனைவியின் தம்பிக்குச் சிரிப்பில் புரையேறி, முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று.