அமாவாசையில் ஓடிய கம்ப்யூட்டர்கள்

ஓய்வு பெற்ற பிறகும் என்னிடம் மிச்சமிருக்கும் திறமை ஒன்றுதான்: எந்த மனு எந்த மேசையில் தூங்கும் என்று முன்கூட்டியே சொல்வது. தாலுகா அலுவலகத்தில் அதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள்.

அதனால் என் தங்கை மகள், ஆரணிப் பள்ளிகளின் கம்ப்யூட்டர்களை விடுமுறையில் கேட்கலாமா என்றபோது, "கேளு. அனுமதி வர்றதுக்குள்ள நீயும் ரிட்டையர் ஆயிடுவ" என்றேன்.

அவள் சென்னையில் பட்டுப்புழு நோய் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். கிருமியின் ஒரு புரதத்தில் எந்த மருந்துப் பொருள் ஒட்டும் என்று, ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் பொருத்திப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்துப் பெரிய கம்ப்யூட்டரில் அவள் முறை வருவதற்குள் ஆய்வேட்டின் கெடு முடிந்துவிடும். இன்னொரு நீட்டிப்புக்கு விதியில் இடமில்லை. விதியை நானே வாங்கிப் படித்தேன், இடமில்லைதான்.

மிஞ்சிய வழி, சிறிய கம்ப்யூட்டர்கள் பலவற்றை இணையத்தில் சேர்த்து, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பது. கிரிட் என்கிறார்கள். ஆரணியில் சேலை பார்டருக்கு டிசைன் போடும் கடைகளில் நல்ல மெஷின்கள் உண்டு. அமாவாசையன்று தறி ஓடாது. அந்தக் கடைகளும் திறக்காது. கெடுவுக்கு முன் ஒரே ஓர் அமாவாசை இருந்தது. அது போதும் என்று முடிவு செய்தேன்.

அமாவாசைக்கு முந்தின நாள் மாலை, அந்தக் கடைகள் இருக்கும் தெருவிலேயே பெரிய கடைக்குப் போனோம். அந்தக் கடைக்காரர் சம்மதித்தால் மற்றவர்களும் சம்மதிப்பார்கள்.

"என் டிசைன் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்குது சார். இந்தப் பொண்ணு உறிஞ்சிகினு போய்ட்டா?"

"மாட்டா. எழுதித் தரேன்."

"உங்க ஆபீஸ்ல எழுதிக் குடுத்த பேப்பரை வச்சிகினு பட்டாவுக்கு நான் அலைஞ்சது போதாதா?"

மறுக்க முடியாத வாதம். நான் அடுத்த வாதத்தைத் தேடுவதற்குள் அவள் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க டிசைன் இதுல இருக்குண்ணா. நீங்களே வச்சிக்கங்க. மெஷின் என் பென் டிரைவ்ல ஓடும்."

அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.

அமாவாசையன்று தெருவில் கடைக்காரர்கள் எல்லோருடைய சட்டைப் பையும் புடைத்திருந்தது. மதியம் வரை வேலை நன்றாகப் போனது. பிறகு கரண்ட் போனது. எதிர்க்கடையில் மட்டும் இன்வெர்ட்டர் இருந்தது.

அவள் மீதித் துண்டுகளைக் கணக்குப் போட்டாள். "ஒரு மெஷின் வச்சி ராத்திரிக்குள்ள முடியாது மாமா."

நான் மின்சார அலுவலகத்தில் யாரிடம், எந்தச் சொற்களில் புகார் சொன்னால் நகரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பெரிய கடைக்காரர் கேட்டார்: "என் மெஷின் நின்னா அதோட பங்கு இன்னா ஆவும்?"

"ஓடுற மெஷினுக்குப் போயிடும்ணா."

"எந்த மெஷினுக்கு?"

அவள் எதிர்க்கடையைக் காட்டினாள்.

"என் வேலையை அவன் செய்யறதா?"

சற்று நேரத்தில் அவருடைய விசைத்தறிக் கொட்டகையிலிருந்து ஜெனரேட்டர் வந்தது. அதன் புகை தெருவையே மூடியது. பக்கத்துக் கடைகளுக்கும் அவரே வயர் இழுத்துக் கொடுத்தார். எல்லாம் எதிர்க்கடைக்காரர் பார்க்கும்படி.

மாலைக்குள் கடைசித் துண்டும் முடிந்தது. ஒட்டியவை மிகச் சில. ஆய்வேட்டுக்கு அது போதும், நாளைக்கே எழுதி முடித்துவிடுவேன் என்றாள்.

"என் மெஷின் கண்டுபிடிச்சது எத்தினிம்மா?" என்றார் அவர்.

"உங்களுக்கு வந்ததுல எதுவும் ஒட்டலைண்ணா."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அவனுக்கு?"

"அங்கயும் இல்ல."

"அப்ப சரி" என்று பொத்தானைக் கழற்றி டிஸ்கை அவளிடம் நீட்டினார்.