உனக்கு ஒண்ணு, மானுக்கு ஒண்ணு

போன சனிக்கிழமை திருப்பதி மலையேறும் அலிபிரிப் படியில் ஒருத்தன் சட்டையைப் பிடித்துவிட்டேன். எழுபத்திரண்டு வயதில். பிடி இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது, சந்தேகம் வேண்டாம்.

மழை விழுந்து மூன்று வாரம். மலை முழுக்கப் பச்சை. இந்தச் சமயத்தில் படியோரம் புள்ளிமான் கூட்டம் நிற்கவே கூடாது. வெயில் காலத்தில் தண்ணீருக்காக நாற்பது, ஐம்பது ஒன்றாகக் கீழே இறங்கும். மழை வந்தால் மூன்று, நாலாகப் பிரிந்து மேலே போய்விடும். இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை — நான் படித்தது இரண்டாங் கிளாஸ். இதே படியில் பன்னிரண்டு வருடம் வெள்ளரிக் கூடை சுமந்து பார்த்தது.

அன்றைக்கு? பச்சைப் புல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மொத்தக் கூட்டமும் கம்பி வேலியோரம். ஒருத்தன் வெள்ளரித் துண்டை வீசுகிறான், செல்போனில் படம் எடுக்கிறான். மான்கள் முண்டியடிக்கின்றன. அடியில் ஒரு குட்டி... எழுந்தபோது முன்கால் தொங்கியது. அப்போதுதான் சட்டையைப் பிடித்தேன்.

“புண்ணியத்துக்குத்தானே போட்டேன், பெரியவரே.”

“உன் புண்ணியத்துக்கு அது கால் ஒடிச்சிக்கணுமா? துன்றதுக்கு மலை பூரா புல்லு கீது. உன்னை யாருடா போடச் சொன்னது?”

பக்கத்தில் முனெம்மா சிரித்தாள். நான் கூடை இறக்கிய இடத்தில் இன்று வெள்ளரி விற்பவள்.

“அவனை ஏன் நைனா புடிக்கிற? ‘உனக்கு ஒண்ணு, மானுக்கு ஒண்ணு’ன்னு இங்க கத்தி வித்தது யாரு? உன் பாட்டைத்தான் நாங்க பாடிக்கினு கீறோம்.”

சட்டையை விட்டேன்.

ஒன்று வாங்குபவனை இரண்டு வாங்க வைத்த வாசகம் அது. கூடை கடையானது அதில்தான். எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறேன், நான் சொல்லச் சொல்லப் பத்திரிகைக்காரர் எழுதும் இந்தப் பத்தியிலேயே பீற்றியிருக்கிறேன். தீனி தினமும் வந்தால் மான் எதற்குப் பிரியும்?

குட்டியை வனத்துறை ஆள் தூக்கிப் போனார். பிழைக்குமா என்று கேட்டேன். நடையை எட்டிப் போட்டார்.

கோபம் தணியவில்லை. இப்போது யார் சட்டையைப் பிடிப்பது?

முனெம்மாவின் மிளகாய்ப்பொடி டப்பாவை எடுத்து எல்லாத் துண்டிலும் தூவினேன். மானுக்கென்று பொடி போடாமல் வைத்திருந்ததிலும். காரம் போட்டதை எவன் மானுக்கு நீட்டுவான்?

“யாவாரம் பாதியாப் பூடும் நைனா.”

“பூடாது. புதுசா கத்து. ‘மானுக்கு மலை கீது, உனக்கு வெள்ளரி கீது.’”

அவள் டப்பாவைப் பிடுங்கி மூடினாள். நானே படியில் நின்று கத்தினேன்.

குரல் இன்னும் கணீரென்றுதான் இருக்கிறது. வாசகம்தான் முப்பது வருடம் லேட்.