வேன் அக்கா ஓட்டிய பந்தயக் கார்

பள்ளிப் பிள்ளைகளுக்கு அவள் வேன் அக்கா. காலையில் வேன் ஓட்டிப்போய் அவர்களைப் பள்ளியில் விட்டு, சாயங்காலம் வீடுகளில் சேர்ப்பது அவள் வேலை. கணவருக்கு வீட்டை ஒட்டியே இரும்பு கடையும் லேத் பட்டறை. நெடிய மனிதர், தன் பட்டறை வாசல் நிலையிலேயே அடிக்கடி தலையை இடித்துக்கொள்வார்.

அவள் தம்பி பைக் பந்தயங்களில் ஓட்டுகிறவன். அவனும் லேத்துக்காரரும் சேர்ந்து ஒரு பந்தயக் கார் செய்யத் துணிந்தார்கள். ஒருவர் மட்டுமே உட்காரும் கார். தம்பியைத் தரையில் காலை நீட்டி உட்காரவைத்து, சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டார் லேத்துக்காரர். அந்தக் கோட்டின் மேல் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டம் எழுப்பினார்கள். முதுகுக்குப் பின்னால் பழைய பைக் எஞ்சின், வெளியே அலுமினியத் தகடு. தம்பி குள்ளம் என்பதால் காரும் அவன் அளவுக்கே அமைந்தது. மழைநாட்களில் அந்தச் சட்டத்தின் மேல் வேன் அக்கா ஈரத் துணிகளைக் காயப்போட்டாள். அதற்காவது உதவட்டுமே என்றாள்.

எஞ்சினை முதன்முதலாகக் கிளப்பிப் பார்த்த மாதமே தம்பிக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. போய்விட்டான். லேத்துக்காரர் தானே ஓட்டலாம் என்று உள்ளே இறங்கினார். முழங்கால்கள் ஸ்டியரிங்கில் மாட்டிக்கொண்டன. ஸ்டியரிங்கைக் கழற்றித்தான் அவரை வெளியே எடுக்க முடிந்தது. அதன்பின் காரின் மேல் தார்ப்பாய் விழுந்தது. மனிதர் சரியாகச் சாப்பிடுவதில்லை; கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். எஞ்சினை மட்டும் கழற்றித் தரச் சொல்லி ஒருவர் நடையாய் நடந்தார். சரி, கொடுத்துவிடலாம் என்று லேத்துக்காரர் சொன்ன அன்று, சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த வேன் அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நான் ஓட்டுறேங்க.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்.

“தினமும் ஒரு வேன் நிறைய அடுத்தவங்க பிள்ளைங்கள ஏத்திட்டுப் போறேன். அப்பல்லாம் உங்களுக்கு வராத பயம் இப்ப எதுக்கு? இதுல நான் ஒருத்திதான்.”

அவர் எழுந்து போய்த் தார்ப்பாயை இழுத்து, அவளை உள்ளே உட்காரச் சொன்னார். அக்காவும் தம்பியும் ஒரே உயரம். இடுப்புப் பக்கம் மட்டும் கொஞ்சம் இறுக்கம். இருக்கைத் தகட்டைத் தட்டி அகலப்படுத்தினார். விடுமுறை நாட்களில் பந்தயத் திடலுக்குப் போய்ப் பயிற்சி எடுத்து, பந்தயத்தில் ஓட்டுவதற்கான உரிமமும் வாங்கினாள்.

முதல் பந்தயத்தில் கடைசி. ஒவ்வொரு வளைவுக்கும் வெகு முன்னாலேயே பிரேக்கை மிதித்தாள். “பின்னாடி பிள்ளைங்க இல்லன்னு நினைச்சுக்கிட்டு ஓட்டு” என்றார் லேத்துக்காரர்.

அடுத்த பந்தயத்தில் அப்படியே ஓட்டினாள். பாதியில் பின்சக்கரம் ஒன்று கழன்று ஓட, கார் சுழன்று திடலோரத்து டயர் அடுக்கில் போய் மோதியது. அவளாகவே எழுந்து வெளியே வந்தாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஓடி வந்த கணவர் அந்தக் கையைத் தாங்கிப் பிடித்து அழைத்துப் போனார்.

மறுநாள் அவர் சட்டத்தை அறுத்துப் போட கேஸ் கட்டரைப் பற்றவைத்தார். கையில் கட்டோடு அவள் வந்து நின்றாள்.

“முதல்ல எது உடைஞ்சதுன்னு காட்டுங்க.”

சக்கரம் மாட்டும் உருளையைக் காட்டினார். அவரே கடைந்தது. உள்மூலையில் விரிசல் விட்டு இரண்டாகப் பிளந்திருந்தது.

“மூலைய வளைவா கடைஞ்சிருக்கணும். அவசரத்துல கூரா விட்டுட்டேன். அங்கதான் விரிஞ்சிருக்கு. தப்பு என்னுது.”

“அப்ப தப்பு எங்கன்னு தெரிஞ்சுபோச்சு. நாலையும் புதுசா கடைஞ்சு போடுங்க.”

கட்டரை அணைத்தார். மூலைகளை வளைத்து, கனமான எஃகில் நான்கு உருளைகள் கடைந்தார். மணிக்கட்டு சரியாகும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் பழையபடி சாப்பிட ஆரம்பித்தார்.

மூன்றாவது பந்தயத்தன்று தூறல். பெரிய எஞ்சின்காரர்கள் வளைவுகளில் வழுக்கி ஒதுங்கினார்கள். ஈரச் சாலையில் மெத்தென்று மிதிக்கத் தெரிந்த கால் அவளுடையது. மூன்றாவதாக வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் ஏனோ அழுகை வந்தது. மழை என்று சொல்லிச் சமாளித்தாள். கப்பலிலிருந்து தம்பி போனில் கூப்பிட்டு, என் கார் எப்படிக்கா ஓடுது என்றான். அளவுதான் உன்னுது, கார் என்னுது என்று அவள் சொல்லிவிட்டாள்.

அதன்பின் அந்தக் காரின் எஞ்சின் ஒருமுறை மாறியது, நிறம் இருமுறை மாறியது. ஒரு பந்தயத்தில் முதலாகவும் வந்தது. இன்னொரு கார் செய்து தரச் சொல்லி வந்தவர்களிடம், உருளை வேண்டுமானால் கடைந்து தருகிறேன், காருக்கு மட்டும் ஆளை விடுங்கள் என்று கும்பிட்டார் லேத்துக்காரர்.

சென்ற வாரம் பட்டறைக்கு ஒரு பல் டாக்டர் வந்தாள். பந்தயம் ஓட்ட ஆசை, ஆனால் எந்தக் காரிலும் கால் எட்டவில்லை என்றாள். வேன் அக்காவைவிடக் குள்ளம். அவளைக் காரில் உட்காரவைத்துப் பார்த்த வேன் அக்கா, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தரையில் படுத்து, பிரேக், ஆக்சிலரேட்டர் மிதிகளை அவள் பக்கமாக நகர்த்த ஆரம்பித்தாள். இனி ஒரு பந்தயம் இவளுக்கு, ஒரு பந்தயம் எனக்கு என்று காரின் அடியிலிருந்தே கணவருக்குச் சொன்னாள்.